ஆல்ஃபிரட்டுக்கு ஓர் அப்பா

1

இந்தக் கதையை நான் கலைக்காக எழுதவில்லை. என் மகள் ஓவியாவைப் பயமுறுத்த எழுதினேன். பதினெட்டு வயது, பள்ளி அணியில் கோல்கீப்பர். கல்லூரியில் இடம் கிடைத்தும் ராணுவத்தில் சேர்ந்துவிட்டாள். திங்கட்கிழமை பயிற்சிக்குக் கிளம்ப வேண்டும். ஆட்சேர்ப்பு அலுவலகம்வரை கொண்டுவந்து விடச் சொன்னாள். வரமாட்டேன் என்றேன்.

இங்கே அமெரிக்காவில், வெஸ்ட் வின்ட்சரில் நான் நடக்கப் போகும் வழியில் ஒரு கல்லறைத் தோட்டம். அதில் ஒரு கல்: ஆல்ஃபிரட் பெய்ன், கால்பந்து வீரர், பிரான்ஸ் போர்முனையில் மறைவு, 1918. (அவ்வளவுதான் இருக்கிறது. மீதியெல்லாம் என் கைச்சரக்கு.)

2

முதல் தொடக்கம்: 'குண்டு விழுந்தபோது ஆல்ஃபிரட்'

வேண்டாம். எடுத்த எடுப்பிலேயே சாவா?

இரண்டாவது: 'காசு வாங்கிக்கொண்டு பந்தாடிய முதல் தலைமுறையில் ஒருவன் ஆல்ஃபிரட். நெசவாலை அணியின் கோல்கீப்பர். சனிக்கிழமைகளில் அவன் பெயரைச் சொல்லி ஊரே கத்தும். போர் வந்ததும், யாரும் கூப்பிடாமல் தானே போய்'

இங்கே என் மனைவி சாந்தாமணி வந்துவிட்டாள்.

"ஏனுங்க, வெள்ளிக்கெழமையும் அதுவுமா எழவக் கூட்டிட்டு உக்காந்திருக்கீங்க? புள்ள கெளம்பற வீடுங்க இது. எழுதித்தான் ஆகோணும்னா கராஜுக்குப் போங்க."

வாயால் சொன்னால் பலித்துவிடும் என்பார்கள். தட்டச்சு செய்தாலும் பலிக்குமாம். ஆகவே ஆல்ஃபிரட் கராஜில், அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் செத்தான். நன்றாகவே செத்தான்.

3

ஓவியாவுக்குத் தமிழ் புரியும், படிக்கத் தெரியாது. அவள் கார் ஓட்ட, நான் படித்துக் காட்டினேன். அழுவாள் என்று பார்த்தேன்.

"இட்ஸ் குட், அப்பா. பட் வேர் இஸ் ஹிஸ் டாட்?"

"யாரோட டாட்?"

"ஆல்ஃபிரட்டோட. ஸ்டேஷன்ல பை சொல்ல எல்லாரும் இருக்காங்க. கோச், டீம், ஈவன் த டாக். டிடின்ட் ஹி கம்?"

நாயை எழுதியிருந்தேன். அப்பாவை மறந்திருந்தேன். (மறந்தேனா?)

"அவருக்கு வேலை இருந்திருக்கும்" என்றேன்.

பச்சை சிக்னல் விழுந்ததும் ஓவியா வண்டியை எடுத்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

4

ஆக, ஓர் அப்பாவை உண்டாக்க வேண்டும்.

ஒரு முடிவு: அவர் ரயிலடிக்கு வரவில்லை. தான் வராவிட்டால் பையன் நின்றுவிடுவான் என்று நம்பினார். பையன் ஜன்னலோரம் உட்கார்ந்து, நடைமேடையைப் பார்த்துக்கொண்டே போனான்.

இன்னொரு முடிவு: வந்தார். என்ன சொல்வதென்று தெரியாமல், "பந்து வரும்போது கண்ணை மூடிக்காதே" என்று பழைய புத்திமதியையே சொன்னார். பையன் சிரித்தான்.

இரண்டிலுமே ஆல்ஃபிரட் திரும்பி வரப்போவதில்லை. கல்லில் வெட்டியதை நான் அழிக்க முடியாது. பயமாகத்தான் இருக்கிறது.

5

இன்று திங்கள். ஆல்ஃபிரட்டின் அப்பா வந்தாரா இல்லையா என்பதை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். சாந்தாமணி ஓவியாவுக்குத் திருநீறு பூசிக்கொண்டிருக்கிறாள். ஓவியா என்னை மறுபடி கேட்கவில்லை, ஊபர் கூப்பிட்டுவிட்டாள். வாசலில் பை இருக்கிறது.

"ஓவியா, அந்த ஊபரை கேன்சல் பண்ணு சாமி. அப்பாவே கொண்டுவந்து உடறேன். இரு, செருப்பை மட்டும் மாட்டிக்கி