கன்னத்துச் சிவப்பு

"இதையா தலைமாட்டுல வைக்கப் போற? இது எங்கண்ணனே இல்லடி."

"அவருதான் அத்தை. மூணு வாரம் முன்னாடி வரைக்கும் எதிர்ல உக்காந்தாரே."

"போடி. எங்கண்ணன் செக்கச் செவேல்னு இருப்பான்."

மகள் தான் வரைந்த படத்தை ஜன்னலோரம் சாய்த்து வைத்தாள். கூடத்தில் அப்பா வெள்ளைத் துணிக்குள் படுத்திருந்தார். விடிந்தும் விடியாத வெளிச்சம் தண்ணீர் போல் உள்ளே வந்து நின்றது. அதில் இரண்டு முகங்களும் ஒரே நிறத்தில் மிதந்தன.

எண்ணெய் வண்ணத்தில் முகம் வரையக் கற்ற முதல் நாளே வகுப்பில் சொல்லிவிட்டார்கள்: தெரிந்ததை வரையாதே, பார்ப்பதை வரை. அவளுக்கு அது வேதவாக்கு. லிப்ட் மெக்கானிக்கான அப்பா, ஞாயிறு விடுமுறையில் அவளுக்காக நாற்காலியில் சிலையாக உட்காருவார்.

"மூக்குலயே குடித்தனம் பண்றியே, கண்ணுக்கு எப்ப குடி வருவ?"

"பேசாதீங்கப்பா, கன்னம் அசையுது."

நாலாவது ஞாயிறு, கண்ணைச் சுருக்கிப் பார்த்தபோது, தான் முன்பு போட்ட கன்னம் தவறாகப் பட்டது. சிவப்பு அதிகம். மஞ்சளில் துளி பச்சை கலந்து திருத்தினாள். அடுத்த வாரமும் தவறு. கன்னத்தின் கீழே நிழல் போதவில்லை. கை இன்னும் பழகவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டு, பதினோராவது ஞாயிறு வரை பூச்சுமேல் பூச்சாகத் திருத்தினாள். "இப்பதான்டி அச்சு அசலா நானு" என்றார் அப்பா. மறுநாள்தான் டாக்டர், கல்லீரல் கெட்டுப் பல வாரமாகிறது என்று சொன்னார்.

அப்பாவின் பக்கத்திலிருந்து அம்மா எழுந்து வந்தாள். படத்தின் கன்னத்தைத் தொட்டாள். விரலில் மஞ்சள் ஒட்டியது.

"இன்னும் காயலையா?"

"மேல் பூச்சு கனமா இருக்குல்ல. நாளாகும்மா."

"அடியில?"

"அது காஞ்சிருச்சு. மொதல்ல போட்டது."

அம்மா விரலைத் துடைக்காமல் நின்றாள். சமையலறையில் அத்தை யாருக்கோ டம்ளர் தேடும் சத்தம்.

"மொதல்லன்னா... அவரு நல்லா இருந்தப்பவா?"

மகள் தலையசைத்தாள்.

அம்மா கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வண்ணம் குழைக்கும் மழுங்கிய கத்தியை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"வண்டி வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகுமாம். மேல இருக்கிறத மட்டும் மெதுவா எடுத்துக் குடேன்டி."