லாஸ்யா தூங்கிக்கொண்டிருந்தாள்

1.

இந்தக் கதையின் முதல் வரியை நான்கு வருடங்களுக்கு முன்பே எழுதிவிட்டேன். அது கதை என்று அப்போது தெரியாது.

திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அங்கே எண்டோஸ்கோபி பிரிவின் வாசலில், கண்ணாடிக்குப் பின்னால், பதிவுக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள் நான். பெயர் மைத்ரேயி. எங்கள் வீட்டில் தமிழ் என்பது கோவிலில் சேவிப்பதற்கும் வீட்டில் சண்டை போடுவதற்கும்தான். எழுத்து, படிப்பு எல்லாம் தெலுங்கு. கதை எழுதுவதற்காகத் தமிழைப் பிடித்துக்கொண்டவள் நான் ஒருத்திதான். எல்லைக் கிராமங்களிலிருந்து தமிழ் பேசுகிறவர்கள் யாராவது வந்தால் வாட்ச்மேன் என்னிடம் அனுப்பிவிடுவார். அவர்கள் சொல்லச் சொல்ல நான் படிவத்தை நிரப்புவேன்.

படிவத்தில் 'என்ன விழுங்கியது' என்று ஒரு கட்டம், 'எப்படி நேர்ந்தது' என்று ஒரு கட்டம். பதினோரு வருடமாக முதல் கட்டத்தில் நான் எழுதியவை: ஒரு ரூபாய்க் காசு, ஊக்கு, மூக்குத்தித் திருகாணி, ரிமோட்டின் பட்டன் பேட்டரி, சூடக்கட்டி, மண்ணெண்ணெய், பேன் மருந்து. இரண்டாவது கட்டத்தில் எழுதுவது பெரும்பாலும் ஒன்றேதான். யாரும் பார்க்காத நேரம்.

ஒரு மே மாதச் செவ்வாய்க்கிழமை அந்தக் கட்டத்தில் எழுதியது இது:

'தரையில் இருந்த காஸ்டிக் சோடாக் கரைசலைக் குழந்தை (ஆண், ஒன்றே முக்கால் வயது) தானே எடுத்துக் குடித்தது. தாய் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். மூத்த பெண் (ஆறு வயது) தூங்கிக்கொண்டிருந்தாள்.'

இதில் மூன்று பொய்கள் இருக்கின்றன. ஒன்று என்னுடையது.

2.

கதையாக எழுத உட்கார்ந்தபோது ஆரம்பம் சரியாக வரவில்லை.

முதல் முயற்சி: 'தகரக் கூரை வெயிலில் உருகிக்கொண்டிருந்த ஒரு பகலில், மரணம் ஒரு தண்ணீர் பாட்டிலின் உருவெடுத்து—' [அடித்துவிட்டேன். ஒன்றும் உருவெடுத்து வரவில்லை. லாட்ஜிலிருந்து ஒரு பாட்டில் வந்தது, அவ்வளவுதான்.]

இரண்டாவது: 'யமுனா கவனமில்லாத தாய்.' [இதையும் அடித்தேன். ஆனால் உடனே அடிக்கவில்லை. ஒரு வருடம் என் நோட்டில் இருந்தது.]

மூன்றாவது முறை, நடந்ததை நடந்தபடி.

யமுனாவுக்கு அப்போது இருபத்தாறு வயது. விஜயபுரம் பக்கத்துக் கிராமம். அவள் அப்பா காலத்தில்தான் வீட்டுக்கு ஒரு துண்டு நிலம் கிடைத்து, வேர்க்கடலை போட ஆரம்பித்தார்கள். புருஷன் சிரஞ்சீவிக்கு ரேணிகுண்டாவில் வெல்டிங் பட்டறையில் வேலை கிடைத்ததும் திருப்பதிக்கு வந்து, வரிசை வீடு ஒன்றில் ஒற்றை அறையில் குடியேறினார்கள். யாத்திரிகர்கள் தங்கும் லாட்ஜில் அறை கழுவும் வேலைக்குப் போனாள் யமுனா. வரிசை வீட்டில் சாக்கடை அடைத்துக்கொண்டது. லாட்ஜில் அடைப்பு எடுப்பதற்குக் காஸ்டிக்கைத் தண்ணீரில் கரைத்து வைத்திருப்பார்கள். அதில் கொஞ்சம் கேட்டு வாங்கி, காலி வாட்டர் பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவந்தாள். நிறம் கிடையாது, வாசனை கிடையாது.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தெருவில் தண்ணீர் லாரி வந்தது. குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது மகன் யஸ்வந்தின் உதடு வெள்ளையாக வெந்திருந்தது. எச்சில் ஒழுகியது. அழுவதற்கு வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை.

அன்று வேலைக்குப் போகாமல் தெருமுனை டீக்கடையில் இருந்த சிரஞ்சீவி ஓடிவந்தான். ஒரு சொம்பில் உப்பைக் கரைத்துக் குழந்தையின் வாயில் ஊற்றினான். எதைக் குடித்திருந்தாலும் வாந்தி எடுத்துவிட்டால் சரியாகும் என்று யாரோ எப்போதோ சொல்லிக் கேட்டிருந்தான். குழந்தை இரண்டு முறை வாந்தி எடுத்தது. அதன்பிறகுதான் ஆட்டோ.

(* அப்படிச் செய்யக் கூடாது. காஸ்டிக் இறங்கும்போது ஒருமுறை வேகவைக்கும், வாந்தியாக ஏறும்போது அதே வழியை மறுமுறை வேகவைக்கும். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கதைக்குள் இதையெல்லாம் சொல்லக் கூடாது என்பார்கள். நான் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள், சொல்லத்தான் செய்வேன்.)

3.

வெந்த உணவுக்குழாய் ஆற ஆறச் சுருங்கும். கடைசியில் பேனா ரீஃபில் அளவுக்குத்தான் வழி இருக்கும். மயக்கம் கொடுத்து, வாய் வழியாகக் கருவியை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக விரிப்பார்கள். விரித்தது மறுபடி சுருங்கும். முதலில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தார்கள், பிறகு மாதத்துக்கு ஒருமுறை, போகப்போக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. நான்கு வருடத்தில் நாற்பத்து நான்கு முறை யஸ்வந்தின் பெயரை நான் பதிவேட்டில் எழுதினேன்.

முதல் எட்டு மாதம் வயிற்றில் துளையிட்டு வைத்த குழாய் வழியாகத்தான் பால். பிறகு கஞ்சி, கரைத்த இட்லி. பேச்சு வந்ததும் அவன் என்னிடம் கேட்டான்: "மேடம், அக்கா துன்ற மாதிரி நானு எப்போ துன்னுவேன்?" வேர்க்கடலையை மென்று ருசி பார்த்துவிட்டுக் கவரில் துப்பக் கற்றுக்கொண்டிருந்தான். துப்பியதும் கவரை மடித்து என்னிடம் காட்டுவான், சரியாகச் செய்தேனா என்பதுபோல.

சிரஞ்சீவி எதிர் பெஞ்சில் உட்காருவான். யமுனாவின் பக்கத்தில் உட்கார மாட்டான். அவள் நீட்டும் தண்ணீரை வாங்க மாட்டான். எழுந்துபோய்க் கூலரில் பிடித்துக் குடிப்பான். மாமியார் ரத்னம்மா ஒருமுறை வந்திருந்தாள். வராந்தாவில் எல்லோருக்கும் கேட்கும்படி, "பெத்த புள்ளிக்கி வெசத்த ஊத்தி வச்ச மவராசி" என்றாள். யமுனா தலைநிமிராமல் குழந்தையின் செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள்.

4.

நான் கதை எழுதுவது அவளுக்குத் தெரியும். போன வருடம், யஸ்வந்த் உள்ளே மயக்கத்தில் இருந்தபோது, "உன்னைப் பத்தி எழுதியிருக்கேன், படிக்கட்டுமா?" என்று கேட்டேன். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. படியுங்கள் என்றாள்.

'காஸ்டிக் பாட்டிலைத் தரையில், காலிக் குடம் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அவள் வெளியே போனாள்' என்று படித்தேன்.

"தரையிலயா?"

"ஆமா."

"யாரு சொன்னது? ரெண்டு புள்ளிங்கள வூட்ல வச்சிக்கினு கீழ வைக்கிற ஆளா நானு? அடுப்புக்கு மேல பலகை இருக்குதுக்கா. அதுல, டப்பாங்களுக்குப் பின்னால வச்சேன்."

அவள் சொன்னது சரிதான். 'தரையில்' என்ற சொல்லைப் படிவத்தில் நானாகத்தான் எழுதினேன். குழந்தை எடுத்தது என்றால் தரையில்தானே இருந்திருக்க வேண்டும்? அவள் 'வச்சிருந்தேன், எட்த்துட்டான்' என்று மட்டும்தான் சொன்னாள்.

ஒன்றே முக்கால் வயதுக் குழந்தையின் உயரம் இரண்டு பேருக்கும் தெரியும். யமுனா டோக்கன் சீட்டை நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"நீள்ளு நீள்ளுன்னு தண்ணி கேட்டு அழ்துகினு இருந்தானாம்" என்றாள். "கொடத்துல சொட்டு தண்ணி இல்ல. அதுக்குத் தானே நான் போனேன். பெரியவ அரிசி டின்னு மேல ஏறி எட்த்துக் குட்த்துக்கிறா. நான் உள்ள வரேன், லாஸ்யா கையில பாட்டில வச்சிக்கினு நிக்கிறா. 'தம்முடுக்கு தண்ணி குட்த்தேம்மா'ன்னு சிரிக்கிறா. சிரிக்கிறாக்கா."

"நீ என்ன சொன்ன?"

"பாட்டிலப் புடுங்கினேன். 'நீ குடுக்கல. நீ தூங்கினு இருந்த. அவனே எட்த்து குட்ச்சிட்டான். சொல்லு'ன்னேன். சொன்னா. இன்னொரு தபா சொல்லுன்னேன். 'நான் தூங்கினு இருந்தேன்'னா. அப்புறம்தான் அவனத் தூக்கினேன்."

"அப்புறம்தான் தூக்கினேன்" என்று மறுபடி சொன்னாள்.

என் நோட்டை மூடினேன். "இதை எழுத மாட்டேன்" என்றேன்.

"எழ்திக்கோங்க. தமிழ்ல தானே எழ்துறீங்க. அவளுக்குத் தெலுங்கும் இங்கிலீஷும்தான் படிக்கத் தெரியும். இப்போ அவளே நம்பிட்டா. யாரு கேட்டாலும் தூங்கினு இருந்தேன்னுதான் சொல்றா."

5.

[இந்தப் பகுதியில் சிரஞ்சீவியைத் திட்டி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். வராந்தாவில் அவன் கத்துவதாக ஒரு வசனம்கூட வைத்தேன். கிழித்துவிட்டேன். அவன் கத்தி நான் பார்த்ததில்லை.]

நான் பார்த்தது வேறு. ஒவ்வொரு முறையும் மகனைத் தூக்கிக்கொண்டு தியேட்டர் கதவுவரை போவான். மயக்க ஊசி போடும்வரை பையனின் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு நிற்க டாக்டர் அனுமதித்திருந்தார். வெளியே வந்ததும் அந்தக் கையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உட்காருவான். பையன் திரும்பி வரும்வரை வெளியே எடுக்க மாட்டான்.

ஒருநாள் யமுனாவிடம் கேட்டேன். "உப்புத்தண்ணி குடுத்ததுதான் அதிகமாக் கெடுத்ததுன்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. மொத நாளே டாக்டரு என்னத் தனியா கூப்ட்டு கேட்டாரு, வாந்தி எடுக்க வச்சது யாருன்னு."

"நீ?"

"நான்தான்னு சொல்லிட்டேன்."

"ஏன் யமுனா?"

"அவரு தாங்க மாட்டாருக்கா."

"நீ தாங்குவியா?"

"எனக்குத்தான் ஏற்கனவே ஒண்ணு இருக்குதே. அதோட இதுவும்."

இதற்குமேல் இந்தப் பகுதியில் ஒரு வாக்கியம் எழுத நினைத்தேன், தாய்மையைப் பற்றி. எழுதியிருந்தால் அவளிடம் படித்துக்காட்ட எனக்கு வெட்கமாக இருந்திருக்கும்.

6.

நாற்பத்து நான்காவது முறை விரிக்கும்போது உணவுக்குழாய் கிழிந்தது. எத்தனையோ தடவை விரித்து மெலிந்துபோன இடம் அது. சென்னைக்கு அனுப்பினார்கள். குடலில் ஒரு பகுதியை எடுத்து உணவுக்குழாயாக வைக்கும் ஆபரேஷன். ஆபரேஷன் முடிந்தது. உள்ளே கசிவு ஏற்பட்டு, ஒன்பதாம் நாள் யஸ்வந்த் இறந்துபோனான். ஐந்தே முக்கால் வயது.

[இங்கே அவனைப் பிழைக்கவைத்து ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். அதில் அவன் முறுக்குத் தின்கிறான். கடித்து, மென்று, விழுங்குகிறான். நன்றாகத்தான் வந்திருந்தது. வைத்துக்கொள்ளவில்லை.]

போன மாதம் ஒரு மத்தியானம் யமுனா வந்தாள். பக்கத்தில் லாஸ்யா, பத்து வயது, ஸ்கூல் யூனிஃபார்மில். யமுனாவின் கையில் ஒரு பை: வீட்டில் மிச்சமிருந்த சிரிஞ்சுகள், பிரிக்காத பால் குழாய்கள்.

"வேற புள்ளிக்கி ஆவும்னு எட்த்தாந்தேன்."

"சிரஞ்சீவி எப்படி இருக்கார்?"

"காரியம் முடிஞ்சதும் அவங்கம்மாகூட ஊருக்குப் போய்ட்டாரு. திரும்பி வரேன்னு சொல்லல."

லாஸ்யாவைப் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டுக் கண்ணாடிக்கு நெருக்கமாகக் குனிந்தாள்.

"கதைய முடிச்சிட்டீங்களா?"

"இல்ல."

"மாத்திடுங்கக்கா. நான் கீழ வச்சேன்னே எழ்துங்க. தரையில."

"நீதானே—"

"அப்போ அவன் இருந்தான். இப்போ இல்ல. இப்போ அது வேற." குரலை இன்னும் தாழ்த்தினாள். "தமிழ் கத்துக்க எத்தினி நாளாவும்? அவ கெட்டிக்காரி."

சரி என்றேன். தலையைக்கூட ஆட்டினேன். நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அந்தச் சரியை மீறி எழுதியது. பெயர்களை மாற்றியிருக்கிறேன், அது போதாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் படிவத்தில் அவளை என் கையெழுத்தால் ஒருமுறை குற்றவாளியாக்கினேன். இரண்டாவது முறையும் அதே கையால் எழுத முடியவில்லை. இது நியாயமா, எழுதுகிறவளின் பேராசையா என்று என்னைக் கேட்காதீர்கள்.

7.

யமுனா பையை நர்ஸிடம் கொடுக்க உள்ளே போனாள். லாஸ்யா பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள். அவள் மோவாய் கவுண்டர் பலகைக்குச் சரியாக இருந்தது.

"மேடம், ஒண்ணு கேக்கட்டா?"

"கேளும்மா."

"ரெண்டு வயசுகூட ஆவாத புள்ள வாட்டர் பாட்டில் மூடியத் தெறக்குமா?"

கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தேன். "எதுக்குக் கேக்கற?"

"எங்க ஸ்கூல்ல யூகேஜி புள்ளிங்களாலயே முடியல. என்கிட்ட எட்த்தாருதுங்க, நான்தான் தெறந்து குடுக்கறேன்." கண்ணாடிக்கு இன்னும் நெருங்கி வந்தாள். "அப்போ தம்முடு எப்படித் தெறந்தான்?"

நான் மூன்று பதில்கள் எழுதினேன்.

'மூடி சரியா மூடாம இருந்திருக்கும்.' இதைச் சொன்னால் அவள் நிம்மதியாகப் போய்விடுவாள். அம்மா மூடியைக்கூட ஒழுங்காக மூடாதவள் என்பதை வாழ்நாள் முழுக்க நம்புவாள். யமுனா கேட்பதும் இதைத்தான்.

'திறக்க முடியாது.' இதுதான் உண்மை. பதினோரு வருடம் பார்த்திருக்கிறேன். இதைச் சொன்ன பிறகு ஒரு பத்து வயதுப் பெண் எங்கே போய் உட்காருவாள், யாரிடம் பேசுவாள் என்று எனக்குத் தெரியவில்லை.

'அம்மாகிட்ட கேளு.' இது கோழையின் பதில். [ஒருவேளை இதுதான் சரியோ என்று இரண்டு நாள் யோசித்தேன். அம்மாவும் பெண்ணும் மட்டும் ஓர் அறையில். ஒரு முழுக் காட்சி எழுதி—]

இந்த மூன்றில் ஒன்றை அன்று நான் சொல்லத்தான் செய்தேன். எது என்று இங்கே எழுத மாட்டேன். சொன்ன பிறகு அவள் முகம் எப்படி ஆயிற்று என்பதையும் எழுத மாட்டேன்.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துகொள்கிறேன். நீங்கள் வந்து உட்காருங்கள். கண்ணாடியில் பேசுவதற்கு ஒரு வட்ட ஓட்டை இருக்கிறது. கொஞ்சம் குனிய வேண்டும். அவள் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வராந்தாவின் கடைசியில் வெறுங்கையோடு யமுனா வருகிறாள். இன்னும் இருபது அடி இருக்கும்.