துணைக்கு வந்தவன்

வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள். பெரியப்பா மகனைக் கலெக்டர் என்பார்கள். எந்தத் தேர்வையும் எழுதி அவன் அந்தப் பதவிக்கு வந்தவனல்லன். தொட்டிலில் கிடந்தபோதே பெரியப்பா சூட்டிய பட்டம் அது. பின்னாளில் எத்தனையோ கல்லூரிகள் அவனைக் கைகழுவின. ஆனாலும் அந்தப் பட்டத்தை மட்டும் யாராலும் பறிக்க முடியவில்லை.

இப்போது கலெக்டர், அயல்நாட்டு விமான நிலையத்தின் குடிநுழைவு வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். விமானத்தை விட்டு இறங்கியதிலிருந்தே அவன்தான் முன்னால் நடந்தான். துணைக்கு வந்தவன் பின்னால் நடந்தால் மரியாதையாக இருக்குமா?

"அவங்க கேட்டா மட்டும் வாயத் தொற. அதிகப்பிரசங்கித்தனம் வேணாம்."

"சரிண்ணா."

"போன்ல யாருக்கும் மெசேஜ் அனுப்பலையே?"

"இல்லைண்ணா."

இந்தச் 'சரிண்ணா'வையும் 'இல்லைண்ணா'வையும் அவள் ஓராண்டாகப் பழகி வைத்திருந்தாள். சென்ற ஆண்டே அவள் இங்கு வந்திருக்க வேண்டியவள். நிலத்தடி நீர் குறித்த மேற்படிப்புக்கு இடமும் கிடைத்து, உதவித்தொகையும் கிடைத்து, பெட்டியும் கட்டியாகிவிட்டது. புதிதாக வருபவர்களை விமான நிலையத்தில் வந்து அழைத்துப்போகும் மூத்த மாணவன் ஒருவன், 'நான் வந்து காத்திருப்பேன்' என்று அவளுக்குச் செய்தி அனுப்பியிருந்தான். கலெக்டர் அவளுடைய கைபேசியில் அதைப் பார்த்துவிட்டான். அன்றிரவு இரு குடும்பமும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தபோது, சோற்றைப் பிசைந்தபடியே சொன்னான்: "அங்க ஒருத்தன் இவளுக்காக வீடு பார்த்து வெச்சுக் காத்திருக்கானாம் சித்தப்பா. உங்களுக்குத் தெரியாதா?"

வீடு என்ற பேச்சே அந்தச் செய்தியில் இல்லை. அது கலெக்டரின் சொந்தச் சரக்கு. சித்தப்பா வீட்டுப் பெண் தன்னை முந்திக்கொண்டு பறப்பதை அவனால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். அப்பா பயணச்சீட்டை ரத்து செய்தார். அவளுடைய கைபேசி அம்மாவின் முந்தானைக்குப் போயிற்று. 'யாரோ ஒருத்தனோடு ஓடப் பார்த்தாளாம்' என்று உறவுக்குள் கண், காது, மூக்கு வைத்துப் பேசினார்கள். அவள் சத்தியம் செய்து அழுதாள். யாரும் அவள் பக்கம் பேசவில்லை.

கல்லூரி பெருந்தன்மையோடு அவளுக்கான இடத்தை ஓராண்டு நிறுத்திவைத்தது. வீட்டின் பெருந்தன்மைக்கோ ஒரு நிபந்தனை இருந்தது: கலெக்டரும் கூடப் போக வேண்டும். அதே நகரில் ஏதோ ஒரு மொழிப் பயிற்சிக் கல்லூரியில் அவனுக்கும் இடம் வாங்கினார்கள். "அவன் அங்க இருக்கிற வரைக்கும்தான் நீயும் இருப்பே" என்று அப்பா முடிவாகச் சொன்னார். வேவு பார்த்தவனே காவலுக்கு வந்த கதை இது.

முறை வந்ததும் கலெக்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கண்ணாடித் தடுப்பின் முன் போய் நின்றான். உள்ளே நரைத்த முடியை இறுகக் கட்டிய பெண் அதிகாரி ஒருவர் இருந்தார். அவர் கேட்டதற்கெல்லாம் அந்நாட்டு மொழியில் தனக்குப் பேச வந்த ஒரே சொல்லான 'ஆமாம்' என்பதையே இவன் பதிலாகக் கொடுத்தான். 'எத்தனை நாள் தங்குவீர்கள்?' என்றதற்கும் 'ஆமாம்' வந்தபோது, அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு தரையிலிருந்த மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்ற சின்னவளைக் கையசைத்து அழைத்தார்.

"இவர் உங்களுடன் வந்தவரா?"

"என் பெரியப்பாவின் மகன்."

"எங்கள் மொழிபெயர்ப்பாளர் வரச் சற்று நேரமாகும். அதுவரை நீங்கள் உதவுங்கள். இவர் பேசுவது எதையும் மாற்றாமல் எனக்குச் சொல்லுங்கள். என்ன படிக்க வந்திருக்கிறார்?"

அவள் தமிழில் கேட்டாள். கலெக்டர் அதிகாரியைப் பார்த்து இளித்துக்கொண்டே அவளிடம் சொன்னான்: "என்னமோ மொழிப் படிப்புன்னு அப்பா சேத்துவிட்டாரு. அதோட பேரு எவனுக்கு ஞாபகம் இருக்கு? நீயே எதையாவது அளந்து விடு."

அவன் அஞ்சவில்லை, அஞ்சக் காரணமும் இல்லை. சிறுவயதிலிருந்தே அவன் கொட்டியதையெல்லாம் அள்ளியவள் அவள். அவனுடைய விடுப்புக் கடிதங்களை அவள் எழுதினாள். அவன் உடைத்த பொருள்களுக்கு அவள் காரணம் கண்டுபிடித்தாள். தமிழில் தான் பேசுவது அவளுடைய வாயில் நுழைந்து நல்ல பிள்ளையாக வெளியே வரும் என்பது அவனுக்குப் பழகிப்போன ஏற்பாடு. இப்போதும் அப்படியொரு வாக்கியம் அவளுடைய நாவில் தயாராக நின்றது: 'முதலில் உங்கள் மொழியைக் கற்று, பிறகு வணிகவியல் படிக்க விரும்புகிறார்.' ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்.

அவள் அந்த வாக்கியத்தை விழுங்கினாள். அவன் சொன்னதை அவன் சொன்ன வரிசையிலேயே பெயர்த்தாள். 'அளந்து விடு' என்பதற்கு அம்மொழியில் நேரான சொல் இல்லை. பொறுமையாகத் தேடி, அதே அலட்சியம் தொனிக்கும் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

அதிகாரியின் புருவம் உயர்ந்தது. "அப்படியானால் எதற்காக வந்தார்?"

"இந்தம்மா என்ன, திருடனைக் குடையற மாதிரி குடையுது?" என்றான் கலெக்டர், இளிப்புச் சற்றும் குறையாமல். "உன்னைக் கண்காணிக்கச் சொல்லி சித்தப்பா அனுப்பினாரு, வந்தேன். மாமாவுக்குத் தெரிஞ்சவர் கடையில வேலைக்கும் சொல்லி வெச்சாச்சு. அதெல்லாம் இதுகிட்ட உளறாதே. காலேஜுக்குத்தான் போறான்னு சொல்லிச் சமாளி."

அவள் சமாளிக்கவில்லை. திருடன், கண்காணிப்பு, கடை, வேலை என்று ஒவ்வொன்றையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். நீண்ட நாள் பசித்துக் கிடந்த ஏதோ ஒன்று உள்ளுக்குள் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கவளம் உண்டது.

'ஆமாம்' தவிர, அம்மொழியில் 'வேலை' என்ற சொல்லும் காதில் விழுந்தால் கலெக்டருக்குப் புரியும். இளிப்பு உதட்டிலேயே உறைந்தது.

"ஏய், வேலைன்னா சொன்னே?"

அவள் அதிகாரியிடம் திரும்பினாள். "நான் வேலையைப் பற்றிச் சொன்னேனா என்று கேட்கிறார்."

"அடிப்பாவி!"

"என்னைத் திட்டுகிறார்."

"தங்கச்சி, விளையாடாதேம்மா. உனக்குப் புண்ணியமாப் போகும். என்னைத் திருப்பி அனுப்பிட்டா நான் எப்படித் தலைகாட்டுவேன்? ஆளாளுக்குப் பேசுவாங்களே!"

'தங்கச்சி' என்று அவன் கூப்பிட்டு எத்தனை காலமாயிற்று! ஆளாளுக்குப் பேசினால் எப்படி இருக்கும் என்பதை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஓராண்டு முழுவதும் சன்னல் கதவைக்கூடத் திறக்காமல் இருந்தவள் அவள்.

"திரும்பிப் போனால் ஊரில் தலைகாட்ட முடியாது என்கிறார்" என்றாள். குரல் ஒருமுறை நடுங்கி, பிறகு நேரானது.

அதிகாரி தொலைபேசியை எடுத்தார். சீருடையணிந்த இருவர் வந்தனர். படிப்பு விசாவில் வேலைக்கு வர அனுமதியில்லை என்றும், முறையான மொழிபெயர்ப்பாளரை வைத்து அனைத்தையும் மறுபடி விசாரிப்பார்கள் என்றும், இதே பதில்கள் வந்தால் அடுத்த விமானத்தில் அனுப்பிவிடுவார்கள் என்றும் அதிகாரி விளக்கினார். பிறகு அவளைப் பார்த்தார்.

"இவருக்காக நீங்களாகச் சொல்ல விரும்புவது ஏதேனும் உண்டா?"

கலெக்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கேள்வி புரியாவிட்டாலும், எல்லாம் அவளுடைய பதிலில் இருக்கிறது என்பது அவனுக்குப் புரிந்திருந்தது.

"இல்லை" என்றாள்.

அவளுடைய படிப்பைப் பற்றி அதிகாரி கேட்டார். பாறைப் பிளவுகளில் நீர் தேங்குவதைப் பற்றி அவள் தொடங்கியதும், போதும் என்று சிரித்து முத்திரை குத்தினார்.

பெட்டிகள் சுற்றிவரும் கூடத்தில் நின்றபோது அப்பா அழைத்தார்.

"ரெண்டு பேரும் வெளிய வந்தாச்சா?"

"நான் வந்துட்டேம்பா. அண்ணனைத் திருப்பி அனுப்புவாங்கபோல. கடையில வேலை பார்க்க வந்தேன்னு அவனே சொல்லிட்டான்."

மறுமுனையில் கைபேசி கைமாறும் சத்தம், பெரியம்மாவின் அழுகை, பெரியப்பாவின் அதட்டல். மீண்டும் அப்பா வந்தார்.

"கூட நின்னியே, அவனுக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா?"

"போன வருஷம் எனக்காக யாருப்பா பேசினாங்க?"

அப்பா, "அப்போ நீயும் கெளம்பி வந்துடு. தனியால்லாம் அங்க இருக்க வேணாம்" என்றார். குரலில் பழைய கண்டிப்பு இருக்க வேண்டிய இடத்தில் கெஞ்சல் இருந்தது.

"வரமாட்டேம்பா. எனக்கு நாளைக்கு வகுப்பு இருக்கு."

பெரியம்மாவின் அழுகை இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் நினைத்து வைத்திருந்த அளவுக்கு அது இனிக்கவில்லை. இனிக்கவே இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். அழைப்பைத் துண்டித்தாள். தன் பெட்டியை இழுத்து வண்டியில் ஏற்றினாள். அடுத்ததாகக் கலெக்டரின் பெட்டி, பெரியம்மா கட்டிய சிவப்பு நாடாவோடு, ஆடி அசைந்து வந்தது. அவள் தன் வண்டியைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்தி அதற்கு வழிவிட்டாள்.