சபூரா வந்த வழி

“எங்க நோகுது புள்ள?”

“தோள்லதான்.”

எட்டு மாதத்துக்கு முன் நடந்த பேச்சு இது. கேட்டவர் முனாப், காத்தான்குடியில் பெண்களுக்கான துணிக்கடை வைத்திருப்பவர். சொன்னவள் அவருடைய மனைவி சபூரா. நோவு தோளில் இல்லை, இடது மார்பில். பக்கத்தில் மாமி இருந்ததால் வாய்க்கு வந்த இடத்தைச் சொல்லிவைத்தாள். சொன்ன பொய்க்காக ஆறு மாதம் தோளைக் காட்டிக்கொண்டு ஊரெல்லாம் அலைந்தாள்.

கடைசியில் வீடு வீடாக வரும் ஊர் மிட்வைஃப் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தபோதுதான் உண்மை வெளியே வந்தது. அவர் எழுதித் தந்த துண்டுச்சீட்டோடு ஆஸ்பத்திரியின் புதிய மார்பு கிளினிக்குக்குப் போனாள். டொக்டர் நன்றாகச் சோதித்துவிட்டு, கட்டி இல்லை, பயப்பட ஒன்றுமில்லை என்றார். மருந்தாக எழுதியது ஒன்றைத்தான்: உடம்புக்கு அளவான, நன்றாகத் தாங்குகிற பிறேசியர். வெளியே காத்திருந்த முனாப் ‘பயமில்லை’ என்பதை மட்டும் கேட்டு, சந்தோஷத்தில் வழியில் இனிப்பாக வட்டிலப்பம் வாங்கினார்.

எழுதிய மருந்து அவருடைய கடையிலேயே அடுக்கடுக்காக இருந்தது. கேட்கத்தான் சபூராவுக்கு வாய் வரவில்லை. இரண்டு மாதமாக நோவும் குறையவில்லை.

இன்றைக்குக் கிளினிக் நேர்ஸ் ஸுஹைனா ஒரு படிவத்தோடு வீட்டுக்கு வந்திருந்தாள். மார்பு நோவு உள்ள பெண்கள் எந்தெந்த வழியால் கிளினிக்குக்கு வந்து சேர்கிறார்கள், வந்தபின் குணமாகிறதா என்று விசாரிக்கிறார்களாம்.

“முதல்ல எங்க போனீங்க ராத்தா?”

“எண்ணெய் தடவுறவர்ட்ட,” என்று முந்திக்கொண்டார் முனாப். “ஏறாவூர் வரைக்கும் போனம். பெறகு மருந்துக்கடை. பெறகு எக்ஸ்ரே, ஈசிஜி. நான் ஒரு குறையும் வெக்கல்ல மிஸ்.”

“நோவுள்ள இடத்த மட்டும் விட்டுட்டீங்க போல நானா,” என்றாள் ஸுஹைனா.

சபூரா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நேரா மிட்வைஃப்ட்ட போயிருந்தா ஒரு கிழமையில முடிஞ்சிருக்கும். சரி, டொக்டர் சொன்ன மாதிரி அளவான பிறேசியர் போடுறீங்களா?”

முனாப் சிரித்தார். “இதுவா மருந்து? எங்கட ஊட்டுல அதுக்கா பஞ்சம்! பேரச் சொன்னாப் போதும், எந்த ஊட்டுக்கு என்ன சைஸ் எண்டு எனக்கு மனப்பாடம். சொல்லிக் காட்டவா?”

“அல்லாவே, வேணாம்! ராத்தாட சைஸ மட்டும் சொல்லுங்க.”

முனாப் வாயைத் திறந்தார். மின்விசிறியைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார். கல்யாணமான இந்தப் பதினெட்டு வருடமும் கடைப் பெட்டிகளின் அடியில் யாரும் வாங்காமல் தங்கியதைத்தான் அவர் மனைவிக்குக் கொண்டுவந்திருந்தார்.

“சொன்னதச் செய்யாட்டி ஏனெண்டு எழுதணும்,” என்று ஸுஹைனா பேனையோடு காத்திருந்தாள்.

சபூராவுக்குக் காது சுட்டது. இப்போதும் எதையாவது சொல்லிச் சமாளித்தால் மறுபடி எண்ணெய்க்காரரிடம்தான் போகவேண்டி வரும். அவள் நேர்ஸைப் பார்க்கவில்லை, கணவரைப் பார்த்தாள்.

“இஞ்சேருங்க, விக்காததையெல்லாம் எனக்குக் கொண்டு வாறத்த விடுங்க. நாளைக்கு என்னையும் கடைக்குக் கூட்டிப் போங்க. அங்க நிக்கிற பொம்புளப் புள்ளைகள்ட்டச் சொல்லி எனக்கு அளவெடுக்க வெச்சு, கண்ணாடி அலுமாரிக்குள்ள இரிக்கிற நல்லதில ரெண்டு எடுத்துத் தாங்க.”