கிலிக்கு அண்ணன்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. சூடத்தை ஏற்றி, உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்கிறேன். போதாதென்றால் கெடிலம் ஆற்றில் இடுப்பளவு நின்றும் செய்வேன். தண்ணீர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வீசையும் படியும் போய்க் கிலோவும் லிட்டரும் வந்த 1962இல், கடலூர் முதுநகர் ரஃபியுதீன் மாமா ஒரு நாடகம் எழுதினார். புது அளவுகளோடு ஒரு மளிகைக் கடைக்காரர் படும் பாடுதான் கதை. எங்கள் சிரிப்பு நடிகன் சிங்காரம் மேடையேறி, "படியை எடுத்துட்டாங்களாமே! இனிமே வூட்டுக்குள்ள எப்பிடி ஏறுறது?" என்பான். கொட்டகை அதிரும். பின்னால் நான் வந்து, "கிலோன்னா இன்னா தெரியுமா? கிலிக்கு அண்ணன்!" என்பேன். சிரித்த சிரிப்பில் ஒருவருடைய பல்செட் கழன்று, முன்வரிசைக்காரர் சட்டைப்பையில் விழுந்தது. அவர் மறுநாள்தான் கவனித்தார்.

நடுவில் சிங்காரம் வேட்டி மாற்ற நேரம் தேவைப்பட்டது. அதற்காக மாமா அரைப்பக்கக் காட்சி ஒன்றைச் சேர்த்தார். பினாங்குக்குக் கப்பலேறிய புருஷனிடமிருந்து கடிதமே இல்லை. கதவு தட்டும் சத்தம் கேட்டு, பெண்டாட்டியாக நடிக்கும் ராசம்மாள், "யாரு? நீயா வந்துட்டே?" என்பாள். பதில் வராது. அவ்வளவுதான். மாமாவுக்கு அந்தக் காட்சியே பிடிக்காது.

ஆறு வருடம் போனது, கிலோவும் லிட்டரும் எல்லோருக்கும் பழகிப்போயின. குறிஞ்சிப்பாடியில் சிங்காரம் அதே படி வசனத்தைச் சொன்னான். ஒருவரும் சிரிக்கவில்லை. "வூட்டுக்குள்ள எப்பிடி" என்பதோடு அவன் குரல் நின்றது. வாய் அசைந்தது, சத்தம் இல்லை. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது, உள்ளே குரலைத்தான் காணோம் என்றார். அடுத்த ஆட்டத்தில், மைல் போய்க் கிலோமீட்டர் வந்ததைக் கேலி செய்யும் மைல்கல் வசனம் பேசிய இன்னொரு நடிகன் தேவசகாயத்துக்கும் அதே கதி. ராசம்மாள் மட்டும் கதவைப் பார்த்துக் கேட்டாள். வழக்கம்போல் கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டது. அவள் குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"செத்த வசனத்தைப் பேசுனா தொண்டையும் கூடவே சாவுது, மாமா" என்றாள் அவள்.

"என் வசனமா செத்துப்போச்சு? அடி போ! இன்னும் நூறு வருசத்துக்குச் சிரிப்பானுங்க."

மிச்சம் இருந்தது என் வசனம். எனக்குத் தொழிலே ஜங்ஷன் பிளாட்பாரத்தில் "காப்பி, காப்பி" என்று கூவுவது. குரல் போனால் கூடவே சோறும் போய்விடும். மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். மாமா விடவில்லை.

அடுத்த மாதம் சிதம்பரம். அண்ணாமலை நகரில் மாணவர்களுக்காக மாலை ஆறு மணி ஆட்டம். சிங்காரம் வாயசைத்தே தன் பங்கை முடித்தான். பையன்கள் கொட்டாவி விட்டார்கள். என் முறை வந்ததும் மேடை நடுவில் போய் நின்றேன். யாரோ கழுத்தில் விரல் வைத்து, குரல் எங்கே இருக்கிறதென்று தடவிப் பார்ப்பதுபோல் இருந்தது.

திரை ஓரத்திலிருந்து மாமா, "கிலோன்னா இன்னான்னு கேளுடா காத்தவராயா! வாயில கொழுக்கட்டையா?" என்று பல்லைக் கடித்தார்.

"கி..." என்றேன். தொண்டைக்குள் ஒரு பக்கம் அணைந்தது.

"அய்யோ, எனக்குப் பயமா இருக்கு" என்றேன்.

அரங்கத்தில் அத்தனை கொட்டாவியும் பாதியில் நின்றது. முன்வரிசைப் பையன் பக்கத்தில் இருந்தவன் கையைப் பிடித்துக்கொண்டான். என் குரல் இருந்தது.

"அதை நான் எழுதலியே!" என்று கத்திக்கொண்டு மாமாவே லுங்கியோடு மேடைக்கு ஓடிவந்தார். "தள்ளுடா! சபையோரே, கிலோன்னா..."

வாய் அசைந்தது. "கிலிக்கு அண்ணன்" என்று உதட்டைப் பார்த்தே படிக்க முடிந்தது. திரும்பவும் சொன்னார். திரும்பவும். ரயிலில் கடலூர் வரும்வரை, ஜன்னலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார். ராசம்மாள் முக்காட்டை இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் மட்டும் பரங்கிப்பேட்டை தாண்டும்போது, "காப்பி" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். கேட்டது.

நான் பிறவி ஊமை.