இரண்டாகப் பிரியும் ஜெக்கெட்

ஒரு நல்ல ஜெக்கெட் இரண்டு வேலை செய்ய வேண்டும். மழையையும் காற்றையும் வெளியே நிறுத்த வேண்டும். உடம்பின் சூட்டை உள்ளே வைத்திருக்க வேண்டும். ஒரே துணியால் இரண்டையும் செய்வது கடினம். அதனால் சிலவற்றை இரண்டாகப் பிரியும்படி தைக்கிறார்கள். வெளியே மெல்லிய மழைச்சட்டை, உள்ளே தடித்த பஞ்சுச்சட்டை. இரண்டையும் ஒரு சிப் சேர்த்துப் பிடிக்கும். பஞ்சுச்சட்டையின் கை நுனியில் ஒரு நாடா வளையம் இருக்கும். அதை மழைச்சட்டையின் கைக்குள் இருக்கும் பொத்தானில் மாட்டிவிட்டால் உள்கை சுருண்டு மேலே ஏறாது.

இரத்தினபுரி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பழைய வெளிநாட்டு உடுப்பு விற்கும் நஜீப் நானா இதையெல்லாம் கழற்றியும் மாட்டியும் துஷாந்தினிக்குக் காட்டினார். அவள் பெலிஹுல்ஓயா பல்கலைக்கழகக் கம்பஸில் சேர இருந்தாள். அங்கே காற்றுக் காலத்தில் ஆளையே தள்ளும் என்று முன்னே போன பிள்ளைகள் சொல்லியிருந்தார்கள். கையில் இருந்ததற்கு ஒரே ஒரு உடுப்புதான் வாங்கலாம். வகுப்புக்கும் மழைக்கும் ஹொஸ்டலில் போர்த்திக்கொண்டு படிக்கவும் அதுவே போதுமானதாக இருக்க வேண்டும்.

கூட வந்த அண்ணன் டிலக்ஷன், போத்தலைத் திறந்து மழைச்சட்டையின் தையல்மேல் தண்ணீரை ஊற்றினான். நானா சிரித்துக்கொண்டே பார்த்திருந்தார். தண்ணீர் உருண்டு விழுந்தது. பிறகு சட்டையை உட்புறமாகத் திருப்பி, தையல்களை மூடி ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் கீறிப் பார்த்தான்.

அவன் தொழில் அப்படி. குருவிட்டப் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டினான். மழைநீர் பட்டை வழியே இறங்கி வெட்டில் சேர்ந்தால் பால் கலைந்து வீணாகிவிடும். அதனால் வெட்டுக்கு மேலே மரத்தைச் சுற்றிப் பொலித்தீன் பாவாடை ஒன்றைத் தார்ப்பசையால் ஒட்டுவார்கள். பொலித்தீன் எதுவானாலும் பரவாயில்லை, ஒட்டுத்தான் முக்கியம். ஊசிமுனை அளவு இடைவெளி போதும், தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும்.

“இது நம்ம மரத்துக்குக் கட்டுற பாவாடைதாங்க நானா. நீங்க கை மட்டும் வச்சுத் தச்சிருக்கீங்க.”

“அப்ப தோட்டத்துல ஒண்டக் கழட்டித் தங்கச்சிக்குக் குடுங்களே தம்பி” என்றார் நானா.

ஜெக்கெட்டை வாங்கினார்கள். தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பியதும் பிரித்துக்கொள்ளும் யோசனையைச் சொன்னவள் துஷாந்தினி. அண்ணனின் மழைக்கோட்டு கிழிந்து போய், அவன் உரப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டுதான் மலையேறினான். கம்பஸில் இப்போதைக்கு வெயில்தான் என்று சொல்லி மழைச்சட்டையை அவனிடம் நீட்டினாள். முதலில் மறுத்தான். போட்டுப் பார்த்த பிறகு கழற்ற மனம் வரவில்லை.

“சரி, பஞ்சு ஒனக்கு, தோலு எனக்கு. காத்து தொடங்குனதும் நானே கொண்டாந்து தர்றேன்.”

வைகாசியில் பெலிஹுல்ஓயாவில் காற்றுத் தொடங்கியது. போனில் கேட்டபோது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் ஆஸ்பத்திரியில் இருந்தான். எலிக்காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்து அவன் வேலைக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கிறான். அதற்குள் அது சிறுநீரகத்துக்கு இறங்கிவிட்டது. துஷாந்தினி வந்து சேர்ந்தபோது அவனுக்குப் பேச்சு இல்லை. மறுநாள் போய்விட்டான்.

அடக்கத்தன்று மழை விடவில்லை. இறந்தவர் அன்றாடம் பாவித்த சாமான்களைப் பெட்டிக்குள் வைத்து அனுப்புவது அந்த லயத்து வழக்கம். சித்தி அவனுடைய சீப்பையும் துவாயையும் வைத்தார். ஆணியில் தொங்கிய மழைச்சட்டையை எடுக்கக் கை நீட்டினார். அம்மா இந்திராணி தடுத்துவிட்டு, அதைக் கொண்டுவந்து மகளின் மடியில் போட்டார்.

“இது நீ கொண்டு போ. ஒனக்குக் குடுக்கணும்னுதான் தொவச்சுக் காயப்போட்டான். காச்சலோடதான் தொவச்சான்.”

சட்டையில் சவர்க்கார வாசம் இருந்தது. தார்க் கறை மட்டும் அதன் கையில் லேசாக மிச்சமிருந்தது. அவள் வாசல் வழியே பார்த்தாள். ரப்பர் மரங்களுக்கு நடுவே வெட்டிய குழியிலிருந்து இரண்டு பேர் வாளியால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். இறைக்க இறைக்க மண்ணிலிருந்து ஊறியது.

எழுந்து போய் மழைச்சட்டையைப் பெட்டிக்குள் கிடந்த அண்ணன்மேல் விரித்தாள். தொப்பியைத் தலைக்கு இழுத்துவிட்டாள். சிப்பைக் கழுத்துவரை பூட்டினாள். பிறகு ஓரங்களைத் தோளுக்குக் கீழே, விலாவுக்குக் கீழே, எங்கும் இடைவெளி விடாமல் சுற்றிலும் செருகினாள். ஒரு பக்கம் செருகி முடித்து மறுபக்கம் போனவள், முதல் பக்கத்துக்குத் திரும்பி வந்து இன்னொரு முறை தடவிப் பார்த்தாள்.

“ஒனக்கு?” என்றார் அம்மா.

“எங்கிட்ட பஞ்சு இருக்கும்மா.”

பஞ்சுச்சட்டை தானாகச் சூடு தருவதில்லை. அதன் இழைகளுக்கிடையில் அசையாமல் நிற்கும் காற்றுதான் உடம்பின் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். வெளியே ஒரு மறைப்பு இல்லாவிட்டால், வீசும் காற்று இழைகளுக்குள் புகுந்து அந்தச் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். துஷாந்தினிக்கு இது தெரியும். அடுத்த வாரம் விரிவுரை மண்டபத்துக்கு ஏறும் பாதையில், அவள் எதிர்க்காற்றில் குனிந்து நடந்தாள். கை நுனிகளில் நாடா வளையங்கள் படபடத்தன. அவற்றை விரல்களில் மாட்டி, கையை மூடிப் பிடித்துக்கொண்டாள்.