உச்சியில் நின்ற கல்

அல்போன்ஸ் சார் இறந்து மூன்று வாரம் ஆகியும் ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு அவர்தான் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தார்.

மேசைமேல் டேப் ரிக்கார்டர் ஓடும். சுவரோரம் ராஜமேரி உட்கார்ந்திருப்பாள். நேரில் நடத்தும் பாடத்தையும் ஒலிநாடாவில் பதிந்து நடத்தும் பாடத்தையும் ஒப்பிடுவது அவளுடைய ஆராய்ச்சி. 'ஏ' பிரிவுக்கு அர்ச்சுனன் சார் நேரில். 'பி' பிரிவுக்கு நாடா. வகுப்பில் அவள் வாய் திறக்கக்கூடாது என்பது ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் சேலத்துப் பேராசிரியரின் கண்டிப்பு. திறந்தால் கற்பித்தது நாடாவா அவளா என்று சொல்ல முடியாது. ஒரு வருஷ உழைப்பு வீண். அந்த விதி அவளுக்கு வசதியாகவும் இருந்தது. நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே சொல்ல வந்தது மறந்துவிடும்.

கோடை விடுமுறையில், இண்டூர்ப் பக்கத்திலிருந்த அதே பள்ளியின் ஆய்வகத்தில்தான் பாடங்களைப் பதிவு செய்தார்கள். காலி அறையைப் பார்த்து அல்போன்ஸ் சாருக்குப் பேச்சு வரவில்லை.

"சுவத்துகிட்ட பேச நான் என்ன பைத்தியமா, மேரி?"

எட்டாம் வகுப்பில் தன்னிடம் படித்த பிள்ளைகள் எதிரே இருப்பதுபோல் பெயர் சொல்லிக் கேள்வி கேட்டார். பதிலுக்கு இடம் விட்டார். பிறகு, "சரி, உட்கார்" என்றார்.

"காவேரி தப்பா சொன்னா என்னங்க சார் பண்றது?" என்று கேட்டாள் ராஜமேரி.

"காவேரியா? அந்தப் பொண்ணு தப்பா சொல்லாதும்மா."

பள்ளி திறந்த சில நாளில், தொப்பூர் இறக்கத்தில் ஒரு லாரி அவருடைய மொபெட்டை அடித்துப்போட்டது.

வேறு வாத்தியார் வரும்வரை நாடா ஓடட்டும் என்றார் தலைமையாசிரியர். "வணக்கம், பிள்ளைகளே" என்றது நாடா. எல்லோரும் எழுந்து நின்றார்கள். அன்று சிலர் அழுதார்கள். அதன்பின் யாரும் அழவில்லை. ராஜமேரிக்கு அதுதான் பயமாக இருந்தது. மாரப்பன் தினமும் சாருடைய நாற்காலியைத் துடைத்துவைத்தான். தாமதமாக வந்த ஒருவன் வாசலிலேயே நின்று, "உள்ள வரலாங்களா சார்?" என்று நாடாவைக் கேட்டான். குரல் நின்று இடைவெளி வந்த பிறகுதான் உள்ளே வந்தான்.

பெருக்க வரும் ரோசம்மாள் வராந்தாவில் சிலுவை போட்டுக்கொள்வாள். "ஆத்துமாவ இப்படிப் புடிச்சி வெச்சிருக்கியேம்மா. முப்பதாம் நாள் பூசைக்காச்சும் உட்டுடு."

"அது வெறும் டேப்புங்கக்கா."

சொன்னாளே தவிர, தனியாக உட்கார்ந்து நாடாவைச் சரிபார்க்கும்போது அவர் குரலுக்குப் பின்னால் காகிதம் புரளும் சத்தம் கேட்டதும் சட்டென்று நிறுத்திவிடுவாள். பதிவின்போது புரட்டியது அவள்தான். அங்கே அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். அவளும் கூடவே இருந்தாள்.

ஒரு நாள் நாடா கேட்டது: "மேலே எறிந்த கல் உச்சியில் ஒரு கணம் நிற்கிறது. அந்தக் கணத்தில் பூமி அதை இழுக்கிறதா? காவேரி, நீ சொல்."

காவேரி எழுந்தாள். "இழுக்கலீங்க சார். அதனாலதான் நிக்குது."

நாடா சுற்றியது.

"சரி. உட்கார்."

அவள் சரியாகச் சொல்வாள் என்று நம்பி, விளக்கம் எதுவும் சொல்லாமல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். ராஜமேரி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அந்த வாரத் தேர்வில் 'பி' பிரிவு முழுவதும் 'இழுக்கவில்லை' என்றே எழுதியிருந்தது. தாள்களைத் திருத்திய அர்ச்சுனன் சார் சிரித்தார். "உங்க மிஷின் பசங்க பூமிக்கே லீவு உட்டுட்டாங்க போல." பிறகு சிரிப்பு நின்றது. "தப்புன்னு நான் சொல்லிப் பாத்தேங்க. 'எங்க சாரே சரின்னுட்டாரு'ங்கறானுங்க. செத்தவரோட நான் எப்படிங்க சண்ட போடறது?"

மறுநாள் ராஜமேரி நாடாவை அந்த இடத்துக்கே பின்னால் ஓட்டினாள். அதே கேள்வி வந்தது. காவேரி எழுந்து அதே பதிலைச் சொன்னாள், இந்த முறை இன்னும் உரக்க.

இடைவெளி முடியுமுன் ராஜமேரி நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். எல்லாத் தலையும் திரும்பியது.

"தப்பு" என்றாள். குரல் பாதிதான் வந்தது.

"சாரு சரின்னாருங்களே, டீச்சர்?"

"நீ சொன்னது அவருக்குக் கேக்கல, காவேரி."

முன் பெஞ்சில் யாரோ விசும்பினார்கள். பின்னாலிருந்து இன்னொருவர். மாரப்பன் முகத்தைப் பெஞ்சில் கவிழ்த்துக்கொண்டான். காவேரி மட்டும் அழாமல் நின்றாள்.

"அப்ப யாருக்குத்தான் கேக்கும்?"

"எனக்குக் கேக்குது. இதப் பாரு."

ஒரு வருஷ உழைப்பு போய்விட்டது என்று ராஜமேரிக்குத் தெரியும். பெஞ்சின்மேல் கிடந்த ரப்பர் ஒன்றை எடுத்து மேலே எறிந்தாள். அது உயர்ந்து, நின்று, அவள் உள்ளங்கைக்குத் திரும்பியது.

காவேரி அவள் கையிலிருந்த ரப்பரைப் பார்த்தாள். "அந்த ஒரு நொடி மட்டும் பூமி உட்டுடுச்சிங்க டீச்சர்."

"விட்டிருந்தா எப்படித் திரும்பி வந்துச்சு?"

"உட்டிருந்தா..." காவேரி நிறுத்தினாள். "உட்டிருந்தா அங்கியே நின்னிருக்கும்."

வகுப்பு முழுவதும் நிமிர்ந்து, ஓட்டுக்கூரைக்குக் கீழே ஒன்றுமில்லாத அந்த இடத்தைப் பார்த்தது.